மாஸ்டரிங்கில் சரியாகாது

என் புருஷனிடம் ஒரு சொல் இருக்கிறது. எதைக் கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். "அதெல்லாம் மாஸ்டரிங்கில சரியாயிடும் லோஜி." பாட்டில் என் குரல் அமுங்கிக் கிடக்கிறதே என்றால் மாஸ்டரிங். கீபோர்டு காதைக் கிழிக்கிறதே என்றால் மாஸ்டரிங். ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது. "சாப்பிடுங்க, மாஸ்டரிங்கில சரியாயிடும்" என்று நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன எனக்கும் வரவில்லை.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் முன்பள்ளி ஆசிரியை. அவர், விஜிதரன், தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கிறார். வேலை முடிந்தால் லேப்டாப்பும் ஒரு மைக்கும்தான் அவருக்கு உலகம். லயம் என்ற வரிசை வீட்டில் எங்கள் பங்குக்கு இருக்கும் காம்பராவின் பின்பக்கத்தில் சுவரெல்லாம் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருக்கிறார். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஸ்டூடியோவுக்கு லீவு. பக்கத்துக் காம்பராவில் சீரியல் ஓடினாலும் லீவு.

கொழும்பில் ஒரு வானொலியில் புதுக் குரல்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டை ஃபோனில் பாடி அனுப்பியிருந்தேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. நாகலெட்சுமி என்று ஒரு தயாரிப்பாளர் அழைத்தார்.

"குரல் நல்லாயிருக்கும்மா. ஆனா ஃபோன்ல பாடினத எங்க இசையமைப்பாளருக்குப் போட்டுக் காட்ட ஏலாது. இசையோட ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இணையத்தில ஏத்திடுங்க. அவருக்குப் பிடிச்சிருந்தா கொழும்புக்குக் கூப்பிட்டுப் பாட வைப்பாரு."

சின்ன வயதிலிருந்து பாடுகிறவள் நான். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் பாடியிருக்கிறேன், கோயிலில் பாடியிருக்கிறேன், இப்போது முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் என் குரலைக் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. அதில் என் குரல் கேட்க வேண்டியிருந்தது. வேறு பேராசை எதுவும் இல்லை.

ரெக்கார்டிங் நன்றாகத்தான் நடந்தது. பழனியாண்டி மாமா தப்பு மேளம் அடித்தார். அவர் என் அம்மாவின் தம்பி, என் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்தவர். கீபோர்டு என் கொழுந்தன் தனுஷன். அவன் ஹட்டனில் ஒரு கல்யாண பேண்டில் வாசிக்கிறான். எங்கள் லயத்து அழகம்மா சித்தி, மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து கோரஸ் பாடினாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்தார் என் புருஷன். கம்பளிகளுக்கு நடுவில் வேர்த்து ஒழுக நின்று நான் என் பங்கைப் பாடி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மிக்ஸிங் செய்தார். லேப்டாப்பில் ஒவ்வொருவருடைய சத்தத்துக்கும் ஒரு கோடு, அதை ஏற்றி இறக்க ஒரு பிடி. தப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினார். கீபோர்டைப் பாட்டுக்குக் கீழே விரித்தார். கோரஸைத் தூரத்தில் நிறுத்தினார். என் குரலை முன்னால் கொண்டுவந்து வைத்தார். மனுஷன் வேலையில் கைகாரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். வரிக்கு வரி நான் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடியும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்புடி?" என்றார்.

"இதத் தொடாதீங்க. இப்புடியே இருக்கட்டும்" என்றேன்.

தொட்டார். லயத்தில் ஒரு பொருளைச் செய்து முடித்துவிட்டு யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள முடியாது. அன்று பின்னேரமே ஸ்பீக்கரை இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், தூக்கி வைத்து, பாடின ஆட்கள், வாசித்த ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார். நான் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினேன். பாட்டு ஓடி முடிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. என்னைப் பாராட்ட வார்த்தை தேடுகிறார்கள் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல?

பழனியாண்டி மாமா தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா தப்பு அடிச்சது யாருன்னு ரேடியோவுல கேக்குறவங்களுக்குத் தெரியணும்ல? எங்கயோ அடுத்த டிவிசன்ல அடிக்கிற மாதிரி இருக்கு."

"தூக்கிருவோம் மாமா" என்று என் புருஷன் தப்பை ஏற்றினார்.

"அண்ணே, நடுவுல நான் ஒரு பிட்டு வாசிச்சேனே, அது எங்க?" என்றான் தனுஷன்.

கீபோர்டு ஏறியது.

"எங்க வீட்டுக்காரரு கத்தார்ல இருந்து ஃபோன்ல கேப்பாரு தம்பி. நான் பாடுறது அவருக்கு வெளங்குற மாதிரி கொஞ்சம் வைங்களேன்" என்றாள் அழகம்மா சித்தி.

கோரஸ் ஏறியது. இப்போது தப்பு கேட்கவில்லை என்றார் மாமா. மறுபடி தப்பு. அதற்குப் பிறகு கீபோர்டு. இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பாட்டைப் போட்டபோது திருவிழாவில் மூன்று ரேடியோ செட் ஒன்றாய் அலறுவதுபோல் இருந்தது. எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். என் குரலை நான் அதற்குள் தேடினேன்.

ஆட்கள் போன பிறகு கேட்டேன். "என் குரல் எங்கங்க?"

"இருக்கு லோஜி. கொஞ்சம் பின்னுக்கு இருக்கு. நீ நம்ம வீட்டு ஆளு, நீ கொஞ்சம் விட்டுக்குடு. அவங்ககிட்ட எப்புடி முடியாதுன்னு சொல்றது? மிச்சமெல்லாம் மாஸ்டரிங்கில..."

"பேசாதீங்க" என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு விசேஷம் என்றால் வந்தவர்களுக்குத்தான் முதல் பந்தி. வீட்டு ஆட்கள் கடைசியில், சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவார்கள். நல்ல வழக்கம்தான். நானும் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் பாட்டையும் பந்தி பரிமாறுகிற மாதிரிப் பரிமாறுகிற ஆளாக நான் இவரைத்தான் பார்த்தேன். ஊரார் வீட்டு நெய்யே பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் பெண்டாட்டியின் குரலையே எடுத்து ஊருக்கு ஊற்றிவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் மாஸ்டரிங்குக்காக ஹட்டனில் ஜனகனிடம் போனோம். பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜனகன் பஜாரில் ஒரு துணிக்கடைக்காரர் மகன். சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்து, கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை வைத்து, மற்றவர்கள் செய்த பாட்டுகளை மாஸ்டரிங் செய்து கொடுக்கிறான். என் புருஷன் நகைப்பெட்டியைத் திறந்து காட்டுவதுபோல் பெருமையாய்ப் பென் டிரைவை நீட்டினார். ஜனகன் பாட்டைப் போட்டான். பாதியிலேயே நிறுத்தினான்.

"அண்ணே, பாடுறது யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. "கேக்கவே மாட்டேங்குதேக்கா."

"அதுக்குத்தானே தம்பி உன்கிட்ட வந்தது. மாஸ்டரிங்கில குரல மட்டும் கொஞ்சம் தூக்கிரு" என்றார் என் புருஷன்.

ஜனகன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணே, உங்க லேப்டாப்புல தப்பு தனியா இருக்கு, குரல் தனியா இருக்கு. யார ஏத்தணும், யார எறக்கணும், யாரு முன்னுக்கு நிக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்க. அது மிக்ஸிங். எனக்கு வர்றது எல்லாம் ஒண்ணாச் சேந்த ஒரே ஃபைல். நான் முழுப் பாட்டையும்தான் தொட முடியும். உள்ள இருக்குற ஒரு ஆள மட்டும் தொட முடியாது."

"கொஞ்சங்கூடவா?"

"பாருங்க." குரல் இருக்கும் பகுதியைத் தேடி அவன் கொஞ்சம் ஏற்றினான். என் குரலோடு கீபோர்டும் கோரஸும் சேர்ந்து கிளம்பின. காது கூசியது. "குழம்ப சமைச்சுக் கொண்டாந்துட்டீங்க அண்ணே. நான் நல்ல பாத்திரத்துல ஊத்தித் தருவேன். எந்த வீட்டுல, எந்த ரேடியோவுல போட்டாலும் ஒரே மாதிரி இருக்குறாப்புல செஞ்சு தருவேன். அதுதான் மாஸ்டரிங். போட்ட புளிய எப்புடி வெளிய எடுப்பேன்?"

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அதோட இது இப்பவே உச்சில முட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு வேல செய்ய எடமே இல்ல" என்றான் ஜனகன். "வீட்டுக்குப் போய் மத்ததெல்லாம் எறக்கிட்டு, அக்கா குரல மேல வச்சு, மொத்தச் சத்தத்தையும் கொறைச்சுக் கொண்டாங்க. பெரிய வேல இல்ல. வெள்ளிக்கிழம காலைல வாங்க, மாஸ்டர் பண்ணி நானே ஏத்தி விட்டுர்றேன்."

எனக்கு உயிர் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நல்ல வார்த்தைகூட நாலு பேசினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்காமல் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். சொல்லாம கொறைச்சா மரியாத இல்ல."

சொல்லவில்லை, கேட்டுவிட்டு வந்தார். மற்றவர்களைத் தாராளமாகக் குறைத்துக்கொள், தப்பை மட்டும் தொடாதே என்றாராம் மாமா. தனுஷனிடம் கேட்டால் தப்பைத்தான் குறைக்க வேண்டும் என்றானாம். சித்தியிடம் கேட்கவே அவருக்கு மனம் வரவில்லையாம், தன் குரல் கேட்கும் என்று கத்தாரில் இருக்கும் சித்தப்பாவிடம் அவள் ஏற்கனவே சொல்லிவிட்டாளாம். ஆக என்ன செய்தார்? யாரையும் இறக்காமல் என் குரலையும் அவர்கள் உயரத்துக்கு ஏற்றி வைத்தார். எல்லாரும் சமம். லேப்டாப்பில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ஸ்பீக்கர் கிழிந்து கரகரத்தது.

"எல்லாரும் சத்தமா இருந்தா யாருமே சத்தமா இல்லங்க! இது உங்களுக்குத் தெரியாதா? எனக்கே தெரியுதே!" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் சீரியலைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் சண்டை நன்றாகக் கேட்க வேண்டாமா?

வியாழக்கிழமை அவர் வேலையிலிருந்து வந்ததும் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பகலில் தாழ்ப்பாள் போட்ட கதவை எங்கள் லயம் பார்த்ததில்லை. "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். யார் முகமும் பக்கத்தில் இல்லாததால் அவர் கைகளும் சரியாக வேலை செய்தன. தப்பை இறக்கினார். கீபோர்டில் தேவையில்லாத இடங்களை வெட்டினார். கோரஸை மறுபடி தூரத்துக்கு அனுப்பினார். என் குரல் முன்னால் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கேட்டதைவிடத் தெளிவாக. மொத்தச் சத்தத்தையும் குறைத்து, ஜனகன் சொன்ன இடத்தையும் விட்டார்.

"சரியா?" என்றார்.

"சரி" என்றேன். அந்த ஒரு பொழுது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை முன்பள்ளியைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. பென் டிரைவோடு அவர் மட்டும் போனார். திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றேன்.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு." உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார். என் பக்கம் திரும்பவில்லை.

"எத அனுப்பினீங்க?"

சட்டையை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு விஷயம் வந்தது. பஸ்ஸில் பழனியாண்டி மாமாவும் ஏறியிருக்கிறார். பாட்டு அனுப்புகிற இடத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று கூடவே மாடிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஜனகன் புது மிக்ஸைப் போட்டிருக்கிறான்.

"மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல லோஜி. அதுதான். ஒண்ணுமே சொல்லாம துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. என்னால பாக்க ஏலல."

"அதுக்கு?"

"புதன்கிழம கொண்டு போன பழையதும் அதே பென் டிரைவுலதான் இருந்திச்சு. அத மாஸ்டர் பண்ணச் சொல்லிட்டேன்."

"ஜனகன் ஒண்ணும் சொல்லலயா?"

"வேணாம்ணே, வேணாம்ணேன்னு சொன்னான். மாமா இருக்குறப்ப நான் என்ன செய்ய?"

"மாமா மூஞ்சிய உங்களால பாக்க முடியல. இப்ப என் மூஞ்சியப் பாருங்க. இதப் பாக்க முடியுதா?"

அவர் பார்க்கவில்லை. நான் நாகலெட்சுமி மேடத்தை ஃபோனில் அழைத்தேன், எடுக்கவில்லை. இணையத்தில் போய்ப் பார்த்தேன், நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? என்னுடைய பூசாரி மூலையில் உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் தலையில் அந்த மைக்கைப் போட்டு உடைக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஜனகன் மாஸ்டர் செய்து கொடுத்ததை ஒரே ஒரு தடவை கேட்டேன். அவனைக் குறை சொல்ல முடியாது. ஃபோனில் போட்டாலும் த்ரீவீல் ஆட்டோவில் போட்டாலும் கணீரென்றுதான் இருந்தது. தப்பு கணீர், கீபோர்டு கணீர், கோரஸ் கணீர். என் குரல் மட்டும் பக்கத்துக் காம்பராவில் யாரோ பேசுவதுபோல் இருந்தது. அந்தப் பாட்டு ஃபோனுக்கு ஃபோன் போய், தோட்டம் முழுக்க ஓடியது. பஸ்ஸில் பார்த்தவர்கள் "ஒங்க மாமா பின்னிட்டாரு" என்று என்னிடமே சொன்னார்கள். நான் சிரித்தேன். புருஷனோடு மட்டும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஒரு மழை நாளில் முன்பள்ளி முடிந்து வந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. நாகலெட்சுமி மேடம். என் புருஷன் அடுப்படியில் இருந்தார்.

"லோஜினி, பாட்டக் கேட்டோம்மா. ஒரு விசயம் சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. முன்னுக்குப் பாடுற குரல் இசைக்குள்ள அமுங்கிப் போச்சு. அத வச்சு ஒரு முடிவுக்கு வர ஏலாதுன்னு இசையமைப்பாளர் சொல்லிட்டாரு."

"மேடம், இன்னொரு மிக்ஸ் இருக்கு. அதுல என் குரல்..."

"அத அப்பவே அனுப்பியிருக்கலாமேம்மா. இப்ப தெரிவெல்லாம் முடிஞ்சிருச்சு. ஆனா பின்னாடி கோரஸ்ல ஒரு அம்மா பாடுறாங்களே, கொஞ்சம் தடிச்ச குரல். அவங்க யாரு? அவருக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிச்சிருச்சு. கொழும்புக்கு வர முடியுமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"கேட்டுச் சொல்றேன் மேடம்" என்று என் வாய் சொன்னது.

என் புருஷன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். எதையாவது சொல்லித் தொலையட்டும் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் வெளியே இறங்கினேன்.

சித்தியின் காம்பரா லயத்தின் அடுத்த கோடியில். அந்தத் தூரத்துக்குள் நான் நினைத்ததையெல்லாம் சொன்னால் என்னை மனுஷி என்று சொல்லமாட்டீர்கள். சித்திக்கு வர வசதியில்லை என்று மேடத்திடம் சொல்லிவிடலாம். ஃபோன் கெட்டுவிட்டது என்று விட்டுவிடலாம். கத்தார்க்காரருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தன் குரலை ஏற்றச் சொன்னவள் அவள். கொழும்பும் இசையமைப்பாளரும் அவள் கேட்டதில்லை, நான் கேட்டது. என் பாட்டு, என் மெட்டு. பொறாமைதான், வேறென்ன?

சித்தி அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். படியில் உட்கார்ந்து காலில் ஏறிக் கடித்திருந்த அட்டைகளைச் சவர்க்காரக் கட்டி தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். மறைக்க நினைத்த எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரேடியோவிலிருந்து கூப்பிட்டார்கள், உங்கள் குரல் பிடித்திருக்கிறதாம், உங்களைத்தான் வரச் சொல்கிறார்கள்.

"என்னையா? போடி, வெளையாடாத."

"சத்தியமா சித்தி."

"ஐயோ, எனக்கு அங்கெல்லாம் போய் நிக்கத் தெரியுமா? எத உடுத்திக்கிட்டுப் போறது? அவருக்கு இப்பவே சொல்லணுமே!" என்று சித்தி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அடங்கவில்லை. ஃபோனை எடுக்க உள்ளே போகத் திரும்பியவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நீ?" என்றாள்.

தப்புக்கு ஒருவர் கேட்டார், கீபோர்டுக்கு ஒருவன் கேட்டான், கத்தாருக்குக் கேட்க வேண்டும் என்று இவளே வந்து நின்றாள். அந்த லேப்டாப்பைச் சுற்றி இத்தனை பேர் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் புருஷனாவது கேட்டிருக்கலாம்.

"நீங்க போய்ட்டு வாங்க சித்தி" என்று சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து, லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.